பதினைந்து படுக்கைகள், 225 கலம் நெல்

ராசிபுரம் பக்கம் சின்ன நர்சிங் ஹோம் நடத்துகிற நண்பன் ஒருவன், போன மாதம் ஒரு எக்செல் ஃபைலை அனுப்பியிருந்தான். "வருஷா வருஷம் கூட்டம் குறையல. ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எங்க ஓட்டைன்னு பார்த்துச் சொல்லுடா" என்றான். சம்பளம், மருந்து, கரண்ட் பில், லேப், சாப்பாடு என்று வரிசையாக இருந்தது. பார்த்ததும் எங்கோ படித்த கணக்கு மாதிரியே தோன்றியது. எங்கே என்று பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. திருமுக்கூடல் கல்வெட்டு!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத் பக்கம் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் 1060களின் பிற்பகுதி. இதை எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்திருக்கிறார். கோயிலோடு சேர்ந்த வேதபாடசாலை, மாணவர் விடுதி, ஆதுலர் சாலை ஆகியவற்றின் வரவு செலவு அதில் உள்ளது. ஆதுலர் என்றால் நோயாளி. சாலையின் பெயர் வீரசோழன். படுக்கை பதினைந்து.

வாட்ஸப்பில் சுற்றுகிற "உலகின் முதல் இலவச மருத்துவமனை" கதைக்குள் நான் போகவில்லை. பாடசாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமான சாலை என்றே பொதுவாகப் படிக்கப்படுகிறது. எனக்குச் சுவாரசியம் அதன் சம்பளப் பட்டியல்தான். ஆண்டுக்கு இப்படி:

வைத்தியர் ஒருவர்: 90 கலம் நெல், 8 காசு.
சல்லியக்கிரியை, அதாவது அறுவை சிகிச்சை, செய்பவர் ஒருவர்: 30 கலம்.
மூலிகை, விறகு கொண்டுவந்து மருந்து செய்யும் ஆட்கள் இருவர்: 60 கலம், 2 காசு.
மருந்து கொடுத்து நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர்: 30 கலம், 1 காசு.
நாவிதர் ஒருவர்: 15 கலம்.

நம்ம பக்கம் தாத்தா காலத்தில் வள்ளக் கணக்கு. சோழர் கணக்கில் 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். வருடத்துக்கு 360 நாள் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். வைத்தியருக்கு நாளொன்றுக்குச் சரியாக 3 குறுணி. அறுவை செய்பவருக்கு 1 குறுணி. ஆண் உதவியாளருக்குத் தலைக்கு 1 குறுணி. பெண்ணுக்குத் தலைக்கு அரைக் குறுணி, அதாவது 4 நாழி. நாவிதருக்கும் அதே 4 நாழி. மிச்சம் மீதி இல்லாமல் வகுபடுகிறது! தினக்கூலியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைப் பெருக்கித்தான் ஆண்டுத் தொகையை வெட்டியிருக்கிறார்கள் என்பது தெளிவு.

இந்த ஐந்து வரிகளைக் கூட்டினால் 225 கலம், 11 காசு. நெல்லில் 40 சதவீதம் வைத்தியர் ஒருவருக்கே. அவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. அறுவை செய்பவருக்குப் பெயர் இல்லை, காசும் இல்லை, வைத்தியருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு நெல் மட்டும். இன்றைக்கு சர்ஜனிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார். உதவியாளர்களில் ஆணுக்குக் கிடைத்ததில் பாதி பெண்ணுக்கு. நெல்லிலும் பாதி, காசிலும் பாதி.

மருந்து இருப்பும் விவரமாக உண்டு. தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, பில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாண லவணம் என்று சுமார் இருபது பெயர்கள். ஒரு வருடத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வைக்க ஏற்பாடு. நோயாளிக்கு அரிசி, இரவு விளக்குக்கு எண்ணெய், இவற்றுக்கும் தனித்தனி வரி. நண்பனின் ஃபைலில் இருக்கிற தலைப்புகளில் பாதிக்கு மேல் இங்கே வந்துவிட்டது.

வராதது ஒன்று: நோயாளியிடம் வாங்கும் கட்டணம். அந்தப் பத்தியே கிடையாது. எல்லாச் செலவும் வயலைக்காவூர் என்ற கிராமத்தின் வருவாயிலிருந்து. அதாவது படுக்கை நிரம்பினாலும் காலியாக இருந்தாலும் வைத்தியருக்கு அதே 3 குறுணி. ஸ்கேன் எழுதினால் கூடவும் ஆகாது, எழுதாவிட்டால் குறையவும் ஆகாது. நண்பனின் ஃபைலில் நிலைமை தலைகீழ். சம்பளமும் கரண்டும் மாதம் ஒன்றாம் தேதி நிச்சயம், வரவு மட்டும் அன்றன்றைக்கு வருகிற ஆட்களைப் பொறுத்தது. காப்பீட்டில் சேர்கிற நோயாளி என்றால் பணம் வர இன்னும் சில மாதம். ஓட்டை எங்கேயும் இல்லை, நிலையான செலவை நிலையில்லாத வரவால் அடைக்கப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். "அப்ப எனக்கு ஒரு கிராமத்தை எழுதி வாங்கிக் குடு" என்று சிரித்தான். நான் விடவில்லை. "செலவைக் குறைக்க நீ இந்த வருஷம் எந்த வரியில கை வச்ச?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நைட் டூட்டி நர்ஸ்களுக்கு இரண்டு வருடமாகச் சம்பளம் ஏற்றவில்லையாம். மூவரில் ஒரு பெண் சேலத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

திருமுக்கூடல் விளக்கு ராத்திரி முழுக்க எரிய எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் விழித்திருந்தது யார்? பெரும்பாலும் அந்த நாலு நாழிப் பெண்கள்தான் என்று நினைக்கிறேன். ஆயிரம் வருடத்தில் கரன்சி மாறியிருக்கிறது, அளவை மாறியிருக்கிறது. பட்டியலில் எந்த வரி கடைசியில் வரும் என்பது மட்டும் மாறவில்லை. நண்பனுக்கு ஃபைலைத் திருப்பி அனுப்பும்போது அந்த வரியைத் தூக்கி மேலே வைத்து அனுப்பினேன்.