கிண்ணத்து இரசமும் மண்ணின் நினைவும்

திருப்பலி இரசம் திராட்சைக் கனியினின்று இயல்பாய் விளைந்ததாய், கெடாததாய் இருத்தல் வேண்டுமென்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 924). ஆகவே மறைப்பணியாளரோடு திராட்சைக் கொடியும் கடல் கடந்தது.

இத்தாலியின் கியாந்திக் குன்றுகளில், புரோலியோவின் மண்ணோடு ரிக்காசோலி குடும்பத்தார் 1141 முதல் பிணைந்துள்ளனர். கியாந்திச் செவ்விரசத்தின் கலவையை 1872இல் மடலொன்றில் வகுத்துரைத்தவர், அந்நாட்டின் தலைமை அமைச்சராய் இருமுறை விளங்கிய பெத்தினோ ரிக்காசோலி. அங்கே இரசத்தோடு குடும்பப் பெயரும் நிலைத்தது.

தமிழகத்தில் நிலை வேறு. பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832இல் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை, இன்று கம்பம் பள்ளத்தாக்கில் படர்ந்துள்ளது. குளிர்கால உறக்கமறியாத அக்கொடி, கவாத்துக்குப் பின் மீண்டும் காய்த்து, ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை தருகிறது. அதை வளர்த்த குடும்பங்களின் பெயர்களை நாம் அறியோம். 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப்பெயரையாவது காத்தது.

அதே ஆண்டு சூலையில், நெய்வேலிச் சுரங்கத்திற்கான கால்வாய்ப் பணியில் நெற்பயிர் அழிவதை வளையமாதேவி கண்டது. தலைமுறையாய் உழுத மண்ணின் மதிப்பு இழப்பீட்டுத் தொகையில் அடங்குவதில்லை. காணிக்கை வேளையில், கொடி வளர்த்த கைகளோடு கதிர் இழந்த கைகளையும் நினைவுகூர்வோம்.