வேற்றுமொழிப் பள்ளியும் வீட்டு மொழியும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து அன்பர்கள் கேட்டார்கள். நான் சாந்தன்பாறையில் ஏலக்காய் வாங்கி விற்கிறவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் சென்ற ஆண்டு மகள் அமெரிக்காவிலிருந்து போனில் சொன்ன சேதி ஒன்று என்னைப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது. "அப்பா, பாப்பாவ ஸ்பானிஷ் ஸ்கூல்ல சேர்த்திருக்கோம். கணக்கு, அறிவியல் எல்லாமே ஸ்பானிஷ்லதான். எங்க ரெண்டு பேருக்கும் அதுல ஒரு எழுத்தும் தெரியாது" என்றாள். அட, இது எங்கள் மலையில் தினமும் காணும் காட்சியாயிற்றே என்று தோன்றியது.

பிள்ளையை வேறொரு மொழிக்குள் முழுதாக இறக்கிவிட்டுப் பாடம் சொல்லும் இந்த ஏற்பாடு பெற்றோர் கேட்டு வாங்கியது. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் சில பெற்றோர் 1963-ல் கூடிப் பேசினார்கள். சுற்றிலும் பிரெஞ்சு வழங்கும் ஊரில் நம் பிள்ளைகளுக்கு அது வராமல் போகலாமா என்பது அவர்கள் கவலை. கல்வி வாரியம் லேசில் இசையவில்லை. விடாமல் நடந்து, 1965-ல் மழலை வகுப்பு ஒன்றைத் திறக்க வைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லாம்பர்ட் அப்பிள்ளைகளைப் பல ஆண்டு ஆராய்ந்தார். அதைப் பார்த்துத்தான் 1971-ல் கலிபோர்னியாவில் கல்வர் சிட்டியில் ஸ்பானிஷ் வகுப்பு தொடங்கிற்று.

ஊரார் பள்ளியைத் தாங்குவது நமக்கும் புதிதல்ல. என் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். அங்கே வேடல் என்ற ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று கருதப்படும் சமணக் கல்வெட்டு ஒன்று உண்டு. கனகவீரக் குரத்தியார் என்ற அம்மையாரின் மாணாக்கர் 500 பேருக்கும், தவப்பெண்டிர் 400 பேருக்கும் ஏதோ தகராறு. ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர் மாணாக்கரையும் காத்துச் சோறிடுவது எங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார்கள். தகராறு எதனால் என்று கல் சொல்லவில்லை. சோறு போட்டது யார் என்பதை மட்டும் சொல்லிவிட்டது!

இனி நம் மலைக்கு வருவோம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் நின்றன. அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நேசமணியும் மற்றவர்களும் போராடிய கதை அன்பர்கள் அறிந்ததே. அதே 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்பது அதன் சாரம். இடுக்கி மலையில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிட்டுத் தருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்ப் பள்ளி தூரமாய் இருக்கிற லயத்துப் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்து மலையாளப் பள்ளியில்தான் உட்காரும்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். கூட்டம் எந்த மொழியில் நடக்கும் என்று அதில் இல்லையே! காய் பறிக்கும் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போவாள். இரண்டு மணி நேரம் மலையாளம் கேட்பாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்புவாள். அப்புறம் என் கடைக்கு வந்து, "மொதலாளி, இந்தச் சீட்டுல என்ன போட்டிருக்கு?" என்பாள். இப்படி எத்தனை சீட்டு படித்துச் சொல்லியிருப்பேன்! ஒரு சீட்டில், பையனுக்கு வாசிப்பு வரவில்லை, வீட்டில் சொல்லிக் கொடுக்கவும் என்று இருந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. நான் என்ன சொல்ல?

கனடாப் பெற்றோருக்கும் இவளுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த லாம்பர்ட்டே பின்னால் வகுத்துச் சொன்னார். வீட்டு மொழி பலமாக இருந்தால் வந்த மொழி கூட்டல்; வீட்டு மொழியைத் தள்ளிவிட்டு வந்தால் அது கழித்தல். வியாபாரி எனக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கிற்று. மகளிடம் அந்தப் பள்ளி ஆசிரியையும், "உங்களுக்கு ஸ்பானிஷ் வேண்டாம், உங்கள் மொழியில் தினம் கதை படித்துக் காட்டுங்கள்" என்றுதான் சொன்னாராம்.

இதை என்னிடம் 30 வருடம் முன்பு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருப்பேனா, சந்தேகம்தான். மகளைத் தமிழ்வழியில் போட்டேன். மகனை மட்டும், ஆண்பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்று தொலைவிலுள்ள ஆங்கிலப் பள்ளி விடுதியில் விட்டேன். நன்றாகப் படித்தான். இன்று போடி ஏலத்துக்கு அவன்தான் போகிறான். தமிழ் பேசுவான், படிக்க மாட்டான். என் அப்பா எழுதிய பற்றுவரவு நோட்டுகள் கடை மச்சில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. போன மழைக்கு ஒழுகியபோது, "இதெல்லாம் என்னப்பா, போட்டுடலாமா?" என்று கேட்டான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி போனில் பேத்திக்குத் தமிழ்க் கதை படிக்கிறாள். மகனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான். நோட்டுகளைத் துடைத்துத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டேன்.