செய்மதி கண்ட கண்கள்

வானத்தை நோக்குதல் மனிதனது மிகப் பழைய கல்விகளுள் ஒன்று. ஆயினும், அவன் கையால் ஆக்கிய பொருளொன்று விண்மீன்களிடையே ஊர்ந்து செல்வதைக் கண்ணாற் காணும் காலம் 1957ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி சோவியத் நாடு முதலாவது ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சதமமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 84 கிலோகிராம் நிறையும் உடைய அக்கோளம் 96 நிமிடத்துக்கு ஒருமுறை புவியை வலம்வந்தது.

அந்நாட்களிற் பல நாட்டு மக்கள் வைகறையிலும் அந்தியிலும் வெளியே நின்று, நகரும் ஒளிப்புள்ளியைக் கண்டு, ஸ்புட்னிக்கையே கண்டதாக வியந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கண்டது ஸ்புட்னிக் அன்று. அதனை ஏவி, அதனோடு தானும் சுற்றுப்பாதை புகுந்த றொக்கெற்றின் பெரிய உடலே அது. சிறிய கோளமோ வெறுங் கண்ணுக்கு அரிதாகவே புலப்படத்தக்கது. கண் கூறிய சான்று பொய்யன்று. அதற்கு மனம் இட்ட பெயரே பிழைத்தது. வரலாறு பயில்வோர் இதனை மறத்தலாகாது.

செய்மதிக்குத் தன்னொளி இல்லை. நிலத்தில் இருள் சூழ்ந்தபின்னும் உயரத்திற் செல்லும் அதன்மீது ஞாயிற்றின் ஒளி படுகின்றது. ஆகவே, அந்தி கழிந்த சிறுபொழுதும் விடியலுக்கு முந்திய சிறுபொழுதுமே அதனைக் காண்டற்கு ஏற்றவை. நடுவானில் அது திடீரென மறைவது புவியின் நிழலுட் புகுவதனாலாகும்.

இக்காட்சியை அளவையாக மாற்றியவர் அமெரிக்க வானியலறிஞர் பிரெட் விப்பிள். சிமித்சோனியன் வானியற்பியல் நிலையத்தின் தலைவராயிருந்த அவர், ‘மூன்வோச்’ என்னும் பெயரில் ஆர்வலர் குழுக்களை 1956இல் அமைக்கத் தொடங்கினார். மாணவரும் ஆசிரியரும் பிற தொழிலினரும் சிறு தொலைகாட்டிகளை வரிசையாக வைத்து, உச்சிக்கோட்டைச் செய்மதி கடக்கும் கணத்தைக் குறித்தனர். ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது, செய்மதிகளைப் படம்பிடிக்கவென வகுக்கப்பட்ட பெரிய கமராக்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை. அந்த இடைவெளியை இவர்களே நிரப்பினர்.

அதனால் விளைந்த பயன் சிறிதன்று. செய்மதிகளின் பாதை சுருங்கிய வேகத்திலிருந்து, மேல்வளியின் அடர்த்தி முன்னர்க் கருதப்பட்டதிலும் மிகுதியென அறியப்பட்டது. 1957 நவம்பரில் ஏவப்பட்ட இரண்டாவது ஸ்புட்னிக்கின் பாதை மாற்றத்தை ஆராய்ந்தோர், புவி முன்னர் எண்ணிய அளவுக்குத் துருவங்களிற் தட்டையானதன்று எனக் கண்டனர்.

1960 ஓகத்து 12ஆந் திகதி ஏவப்பட்ட எக்கோ என்னும் 30 மீற்றர் விட்டமுள்ள பலூன், கருவி எதுவுமின்றி எவரும் காணத்தக்கதாய் ஒளிர்ந்து, 1968 மே மாதம் அழிந்தது. 1962 செத்தெம்பர் 5ஆந் திகதி நான்காவது ஸ்புட்னிக் எரிந்து வீழ்ந்ததை மில்வோக்கி நகர மூன்வோச் குழுவினர் விழித்திருந்து கண்டனர். அதன் துண்டொன்று விசுக்கொன்சின் மாநிலத்து மனிற்றவொக் நகரத் தெருவிற் கிடந்தது. 1975இல் மூன்வோச் முடிவுற்றது.

அன்று ஒரு செய்மதிக்காகக் காத்திருந்த கண்கள் இன்று அவற்றைத் தேடவேண்டியதில்லை. 2019 மே மாதம் முதல் ஏவப்படும் ஸ்ரார்லிங் செய்மதிகள் ஆயிரக்கணக்கில் வானை நிறைக்கின்றன. அவற்றின் ஒளிக்கீறல்கள் தம் ஆய்வைக் கெடுக்கின்றன என வானியலாளர் முறையிடுகின்றனர். அறிவுக்கு வழிகாட்டிய அதே ஒளி இன்று அறிவுக்குத் தடையாகவும் நிற்கின்றது. அதனை அளவோடு ஆளுதல் மனிதனது பொறுப்பேயாம். வானம் எந்த ஒரு நாட்டுக்கோ ஒரு தலைமுறைக்கோ உரிய சொத்தன்று.