பாஞ்சோ யாருடைய கருவி?

சஹாராவின் துவாரெக் இசைக்குழு தினாரிவென் 2023இல் வெளியிட்ட ‘அமாத்ஸூ’ தொகுப்பில், பாலைவனக் கிடாரோடு அமெரிக்க கன்ட்ரி இசையின் பாஞ்சோவும் ஃபிடிலும் பெடல் ஸ்டீலும் சேர்ந்து ஒலிக்கின்றன. அல்ஜீரியாவின் தென்கிழக்கில் உள்ள ஜானெத் சோலையில் குழு பாடியது. அமெரிக்கக் கலைஞர்கள் தங்கள் ஊரில் இருந்தபடியே வாசித்துச் சேர்த்தார்கள். இது அறிமுகமே இல்லாத இரண்டு உலகங்களின் சந்திப்பு என்று சொல்லிவிடுவது எளிது. வரலாறு வேறு கதை சொல்கிறது.

முதலில் பாலைவனத்தைப் பார்ப்போம். மாலி 1960இல் விடுதலை பெற்றது. 1963இல் வடக்கில் துவாரெக் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அரசு அதை ரத்தத்தில் அடக்கியது. அப்போது கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் மகன் இப்ராஹிம் அக் அல்ஹபீப். தகப்பனை இழந்தபோது அவருக்கு வயது நான்கு. ஒரு கௌபாய் படத்தில் கிடாரைப் பார்த்துவிட்டு, தகர டின், குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தானே ஒரு கிடார் செய்துகொண்டார் அந்தச் சிறுவன். 1970களின் பஞ்சம் ஆடுமாடுகளை அழித்தது. வேலை தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் போன இளைஞர்களுக்கு ‘இஷுமார்’ என்று பெயர் விழுந்தது. வேலையில்லாதவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது. அவர்கள் நடுவில்தான், 1979இல் தமன்ராசெத் நகரில் தினாரிவென் உருவானது. பாடல்கள் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுக்கப்பட்டே பரவின.

இனி அமெரிக்கா. கன்ட்ரி என்றால் வெள்ளையர் இசை என்ற எண்ணம் இன்றும் உண்டு. ஆனால் பாஞ்சோ, அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்கள் நாட்டுக் கருவிகளின் நினைவில் சுரைக்குடுக்கையும் தோலும் கொண்டு செய்தது. கார்ட்டர் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பாடல்கள் திரட்டிய லெஸ்லி ரிடில் கறுப்பர். ஹாங்க் வில்லியம்ஸுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்த ரூஃபஸ் பெய்னும் கறுப்பரே. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பருக்கு ‘ரேஸ்’, வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’ என்று தனித்தனிப் பட்டியல் போட்டன. கிராமத்தில் கலந்து ஒலித்ததைச் சந்தை நிறம் பார்த்துப் பிரித்தது. கன்ட்ரியின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஓப்ரியின் தொடக்க கால நட்சத்திரம், ஹார்மோனிகா வாசித்த டிஃபோர்ட் பெய்லி. 1941இல் அந்தக் கறுப்பர் வெளியேற்றப்பட்டார். பிறகு ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார்.

பாதிக்கப்பட்டவர்கள் என்பதற்காக துவாரெக் சமூகத்தை மட்டும் கேள்வி கேட்காமல் விட முடியாது. அங்கும் பிறப்பால் வரும் அடுக்கு உண்டு. மேலே பிரபுக் குடிகள், அவர்களுக்குக் கீழே கப்பம் கட்டும் குடிகள், தனியாகக் கைவினைஞர்கள், அடியில் பெல்லா என்று அழைக்கப்படும், அடிமைகளின் வழிவந்தவர்கள். டிம்பக்டு, காவோ வட்டாரங்களில் ‘தெஹர்தென்ட்’ என்ற மூன்று நரம்புக் கருவி இருக்கிறது. பாஞ்சோவின் மூதாதைகள் எந்தக் குடும்பமோ, இதுவும் அதே மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவிக் குடும்பம்தான். கைவினைஞர் பிரிவைச் சேர்ந்த பாடகர்களே அதைப் பரம்பரையாக வாசித்தார்கள். மேல்குடியினர் தங்கள் புகழை அவர்கள் வாயால் பாடக் கேட்டார்கள். கூலிக்கு வாசிப்பதை மட்டும் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். கருவியின் மதிப்பை அதை வாசிப்பவரின் பிறப்பைக் கொண்டு அளப்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

கிடார் வெளியிலிருந்து வந்தது. எந்தப் பிறப்பின் முத்திரையும் அதன்மேல் இல்லை. அகதிகளாகவும் கூலிகளாகவும் வாழ்ந்த இளைஞர்கள் அதைக் கையில் எடுக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கிடார் அடுக்கை உடைத்துவிடவில்லை. பிறப்புவழி அடிமைமுறையை எதிர்க்க 2006இல் மாலியில் ‘தெமெத்’ என்ற அமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. தினாரிவென் 2012இல் கிராமி விருது பெற்றபோதும் அந்தப் போராட்டம் முடிந்திருக்கவில்லை.

ஆகவே, ஜானெத்தில் பாஞ்சோவும் பாலைவனக் கிடாரும் சேர்ந்ததை ரசிப்போம். அது ரசிக்க வேண்டிய இசைதான். கூடவே, இந்த ஒலியை உண்டாக்கிய கைகள் எவை, அவற்றில் எவை மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டன என்றும் கேட்போம். நாஷ்வில்லிடம் கேட்கும் இந்தக் கேள்வியை டிம்பக்டுவிடமும் கேட்டால்தான் அது நேர்மையான கேள்வி.