குடத்துக்குள் யார் பெயர்?

வழக்கென்று வந்துவிட்டால் நடுநிலையாளர் நால்வரைத் தேடுகிறோம். அந்த நால்வரை எப்படித் தேர்வது? பெரிய மனிதர் என்று ஊர் புகழ்ந்தால் போதுமா? வெண்தாடியும் வெண்கலக் குரலும் இருந்தால் போதுமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எழுப்பி, விடையைக் கல்லிலே வெட்டி வைத்த ஊர் ஒன்று நம் நாட்டில் உண்டு.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர் அது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தேர்வதற்கு விதி வகுத்தனர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். அறச் செயல்களை மேற்பார்க்கவும் வாரியம் இருந்தது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் கூடிய சபையில் முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அதை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் ஓர் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதை ஏற்றுப் படித்தான். உடனிருந்தோரும் படித்தனர். ஐந்து விரலையும் ஏன் விரிக்க வேண்டும்? விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே!

எவ்வளவு தெளிவான அறிவு! மனிதன் தவறக் கூடியவன் என்பதை அவர்கள் மறக்கவில்லை. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் ஏறாது. அவன் மட்டுமா? அவனுடைய தந்தை, மகன், மாமனார், மைத்துனன், மருமகன் பெயரும் ஏறாது. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவனுக்கும் இடமில்லை. பதவியில் இருக்கும்போதே குற்றம் கண்டால் உடனே நீக்கம். அகவை வரம்பு 919இல் 30 முதல் 60. 921இல் அதையே 35 முதல் 70 என்று மாற்றினர். விதி ஆண்டவன் கட்டளையன்று. மனிதன் வகுத்தது, மனிதன் திருத்துவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் தோழர்களே, குடத்துக்குள் எட்டிப் பாருங்கள்! யார் யார் பெயர் அங்கே கிடக்கிறது?

உத்தரமேரூர், வேதியர்க்குக் கொடையாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். ஒரு வேதத்தோடு பாஷ்யம் ஒன்றும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். சாத்திரம் சுமந்தவனுக்குச் சலுகை! ஏரிக்கு மண் சுமந்தவனுக்கு? ஏர் பிடித்தவனுக்கு? நாற்று நட்ட பெண்ணுக்கு? அவர்கள் வெட்டிய ஏரிக்கு வாரியம் இருந்தது. அந்த வாரியத்தில் அவர்கள் இல்லை. குலுக்கலில் கள்ளமில்லை, குலுக்கிய குடத்திலேதான் ஊரில் பாதிப்பேர்கூட இல்லை!

பழம்பெருமை பேசுவோர் விரித்த விரலைக் காட்டுவர். மூடிய கதவைக் காட்டமாட்டார். வெறுப்பு மட்டும் பேசுவோர் கதவைக் காட்டி விரலை மறப்பர். நாம் இரண்டையும் காண வேண்டும். 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கிக் கதவைத் திறந்தது. எனினும் ஆலமரத்தடியில் சாதிப் பெரியவர்கள் கூடித் தண்டம் விதிக்கும் கொடுமை ஓயவில்லை. கட்டப் பஞ்சாயத்து சட்டத்துக்குப் புறம்பானது என்று 2011இல் உச்சநீதிமன்றம் உரைக்க வேண்டியிருந்தது.

ஆகவே படிப்பகத்திலோ, தொழிற்சங்கத்திலோ, மாணவர் மன்றத்திலோ வழக்குத் தீர்க்கக் குழு அமைக்கும் நாளில் இளைஞர்கள் இரு கேள்வி எழுப்புக. கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றமும் விலக்கப்பட்டனரா? தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டியவர் அனைவர் பெயரும் குடத்தில் ஏறியதா? முதற்கேள்வியைக் கேட்க உத்தரமேரூர் கற்றுத் தந்தது. இரண்டாம் கேள்வியை அது கேட்கவில்லை. நாம் கேட்போம்!