கடிகாரமும் தாய்ப்பாலும்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பசித்த மகவுக்குப் பசித்த வேளையில் பாலூட்ட எந்தத் தாயும் எவரிடமும் இசைவு கேட்டதில்லை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆங்கிலம் வழங்கும் நாடுகள் பலவற்றில், பிள்ளை அழுதாலும் குறித்த மணி வரும்வரை பொறுத்திருக்க வேண்டுமெனத் தாய்மார் கற்பிக்கப்பட்டனர். இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது?

இக்கருத்தின் வித்து மிகப் பழையது. 1748இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கடோகன், நாளுக்கு நான்கு முறை பாலூட்டினால் போதுமென எழுதினார். 1894இல் அமெரிக்க மருத்துவர் எம்மெட் ஹோல்ட், குழந்தை வளர்ப்பைப் பள்ளிப் பாடம்போல வினா விடையாகவே அச்சிட்டு, பாலூட்டலுக்கும் நேர அட்டவணை வகுத்தார். ஆயினும், கடிகாரத்தை அரியணையில் ஏற்றியவர் நியூசிலாந்தின் டுரூபி கிங் என்பவரே.

அவர் மனநோய் மருத்துவமனையொன்றின் தலைவர். மருத்துவமனைப் பண்ணையில் வாளியில் பால் குடித்த கன்றுகள் கழிச்சலால் மடிவதைக் கண்டு, ஊட்டும் முறையைத் திருத்தி அவற்றைக் காத்தார். பின்னர் அதே ஊக்கத்தோடு மானிடக் குழந்தைகளிடம் திரும்பினார். 1907இல் டுனீடின் நகரில் அவர் முயற்சியால் தோன்றிய பிளங்கெட் சங்கத்தின் செவிலியர் வீடுதோறும் சென்று அறிவுரை வழங்கினர். நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை பால், இரவில் பால் இல்லை, இதுவே விதி. இம்முறை பிரிட்டனுக்கும் பேரரசின் பிற பகுதிகளுக்கும் பரவியது.

கிங்கைக் கொடியவராகக் கருதுவது நியாயமன்று. தாய்ப்பாலே சிறந்ததென ஓயாது வாதிட்டவர் அவர். புட்டிப்பாலால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மாண்ட காலம் அது. பசும்பால் வயிற்றில் கெட்டியாகத் திரிந்து மெல்லச் செரிப்பதால், புட்டிக்கு இடைவெளி வேண்டுமென்பதில் பொருள் உண்டு. அவ்விதியைத் தாயின் மார்புக்கும் பொருத்தியதே பிழை. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். மார்பு நிறைந்தபடியே இருந்தால் சுரப்பு குறையும். எனவே, அட்டவணையைப் பணிவோடு பின்பற்றிய தாய்மார் பலருக்குப் பால் வற்றியது. தம் உடலே தம்மைக் கைவிட்டதென்று எண்ணி அவர்கள் புட்டியை நாடினர். தாய்ப்பாலைக் காக்க வகுத்த விதியே அதனைக் குறைத்தது!

1942இல் அமெரிக்காவில் ஓர் எளிய சோதனை வெளியிடப்பட்டது. மெக்லெண்டன் என்னும் குழந்தை மருத்துவரும் சிம்சேரியன் என்னும் தாயும், அத்தாயின் குழந்தைக்கு அது கேட்கும்போதெல்லாம் பாலூட்டிக் குறிப்பெடுத்தனர். முதல் வாரத்தின் இறுதியில் குழந்தை நாளுக்கு ஏறத்தாழப் பத்து முறை குடித்தது. பின்னர் முறைகள் தாமே குறைந்தன. பத்தாம் வார அளவில், மூன்று நான்கு மணி நேர ஒழுங்கொன்று எவரும் திணிக்காமலே அமைந்துவிட்டது. 1946இல் வெளிவந்த டாக்டர் ஸ்போக்கின் புகழ்பெற்ற நூல் இச்செய்தியை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது.

தாயின் மார்பினின்று குழந்தையைப் பிரித்த கேடு மலாயாவில் வேறு வடிவில் வந்தது. இங்கே அதன் கருவி கடிகாரமன்று, கட்டிப்பால் டின். ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் சிங்கப்பூர் வந்தார். செவிலியர்போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள், இனிப்பூட்டிய கட்டிப்பாலே குழந்தைக்கு உகந்ததென ஏழைத் தாய்மாரை நம்பவைப்பதை அவர் கண்டார். 1939இல் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டுச் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் கடுமை, இன்று படிப்போரையும் நடுங்கச் செய்யும். சப்பானியர் ஆட்சியில் அவரும் சாங்கிச் சிறையில் அடைபட்டார். பசி சூழ்ந்த அக்காவல் வாழ்வில் இருபது குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன. இருபதும் பிழைத்தன என அவர் பிற்காலத்தில் எடுத்துரைப்பதுண்டு.

பால்மாவு விளம்பரத்திற்கு வரம்பிடும் நெறிமுறையை உலகச் சுகாதார மன்றம் 1981இல் ஏற்றது. குழந்தை விரும்பும்போதெல்லாம் பாலூட்ட ஊக்குவிக்க வேண்டுமென்பது, 1989இல் மகப்பேற்று மனைகளுக்கு வகுக்கப்பட்ட பத்துப் படிகளுள் எட்டாவதாயிற்று. 2018இல் அப்படி திருத்தப்பட்டு, குழந்தையின் குறிப்பறியத் தாய்க்குத் துணைபுரிதல் என்றானது. கையைச் சப்புதல், வாய் திறந்து தலையைத் திருப்பித் தேடுதல் ஆகியவை அக்குறிப்புகள். அழுகை, அவற்றுள் பிந்தி வருவது.