விராட புருஷனும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும்

இசைத்தட்டுக்கு முதலில் சட்டை போட்டுவிட்டவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். அதற்கு முன் 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் பழுப்புக் காகித உறையில்தான் வரும். நீளமான சிம்ஃபனி என்றால் நாலைந்து தட்டுகளை ஃபோட்டோ ஆல்பம் மாதிரி சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்கள். 'ஆல்பம்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். கொலம்பியா கம்பெனியின் ஓவியரான ஸ்டைன்வைஸ், 1940-ல் அந்த அட்டையில் படம் போட ஆரம்பித்தார். 1948-ல் எல்.பி. வந்தபோது ஓவியர்களுக்கு முப்பத்தோரு சென்டிமீட்டர் சதுரம் கிடைத்தது. ராக் இசை அந்தச் சதுரத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டது 1967-ல்.

அந்த வருஷம் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' அட்டையை வடிவமைத்தவர்கள் பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த் தம்பதி. பாடல் வரிகளைப் பின்னட்டையிலேயே அச்சடித்தார்கள். வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ள மீசை, பட்டையெல்லாம் உள்ளே வைத்தார்கள். முன்னட்டைக் கூட்டத்தில் ஜார்ஜ் ஹாரிசன் சொன்ன பெயர்களாக பாபாஜி, லாஹிரி மஹாசயர், யுக்தேஸ்வர், யோகானந்தர் என்று நாலு யோகிகள் நிற்கிறார்கள். காந்தியும் நின்றார். இ.எம்.ஐ. தலைவர் ஜோசஃப் லாக்வுட்தான் அவரை எடுக்கச் சொன்னார். இந்தியாவில் விற்கிற தட்டு, அங்கே யாராவது புண்பட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. வியாபாரிக்கு எதிரே இருக்கிற மனிதன் கண்ணுக்குத் தெரிந்தால் பயம் வரும்.

தெரியாவிட்டால்? அதே வருஷம் டிசம்பரில் வந்தது ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்'. அட்டையைப் பார்த்தால் நம் ஊர்க்காரருக்குத் தூக்கிவாரிப்போடும். பல தலைகள், பல கைகள், சுற்றிலும் தேவர்கள் என்று விராட புருஷ விஷ்ணுரூபம். லட்சக்கணக்கில் அச்சாகும் பக்திப் படம் ஒன்றை எடுத்து, நடுவில் ஹென்ட்ரிக்ஸ் முகத்தையும் கூட வாசித்த இருவர் முகத்தையும் ஒட்டிவிட்டார்கள். முகங்களை வரைந்தவர் ரோஜர் லா, அதற்கு மூலமான புகைப்படம் கார்ல் ஃபெரிஸுடையது. இந்தப் பெயர்களெல்லாம் வரலாற்றில் பத்திரமாக இருக்கின்றன. ஹென்ட்ரிக்ஸுக்கே அட்டை பிடிக்கவில்லை. தன் குடும்பத்தில் ஓடுவது அமெரிக்கச் செவ்விந்திய ரத்தம், இந்த இந்தியா இல்லை என்பது அவர் வருத்தம். ஆனால் அந்த விஷ்ணுவை முதலில் வரைந்த கை யாருடையது? அந்தப் பெயர் மட்டும் அட்டையில் இல்லை.

சரி, நம் பக்கம் என்ன நடந்தது? தமிழ் சினிமாப் பாட்டின் 78 தட்டு, கம்பெனி முத்திரை போட்ட காகித உறையில் வந்தது. படம் பார்க்கவும் வரி படிக்கவும் நமக்கு வேறு பொருள்கள் இருந்தன. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்று. அதில் பாட்டும் இருக்கும், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று பாதிக் கதையும் இருக்கும். காலண்டர் இன்னொன்று. நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதியவரான சி. கொண்டைய ராஜு கோவில்பட்டியில் உட்கார்ந்து வரைய, சிவகாசி அச்சடிக்க, முருகனும் மீனாட்சியும் மளிகைக் கடை விலாசத்தோடு வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். ஸ்டைன்வைஸ் செய்ததும் இதே வேலைதானே. நல்ல படம், கூடவே ஒரு சரக்கு.

இந்த இரண்டு உலகங்களும் சந்தித்த இடங்களில் ஒன்று தாம்பரம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. விடுதி மாணவன் ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் மூர் மார்க்கெட். அங்கே பழைய புத்தகத்தோடு பழைய இசைத்தட்டும் கிடைக்கும். 1985-ல் அது எரிந்துபோனது. அதற்குள் கேசட் வந்துவிட்டிருந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று லைன் நெடுகிலும் ரெக்கார்டிங் சென்டர்கள். "அண்ணே, ரெண்டு எல்.பி. புடிக்குமா?" "தொண்ணூறு வாங்கிக்கோ தம்பி, சைடுக்கு ஒண்ணு போட்டுடலாம்." கணக்கு சரிதான், பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். ஆனால் கேசட் அட்டையின் முகம் சுமார் பத்துக்கு ஆறரை சென்டிமீட்டர். எல்.பி. உறையில் பதினைந்தில் ஒரு பங்கு. அதிலும் படம் கிடையாது, பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பாட்டுப் பட்டியல்தான். பிங்க் ஃபிளாய்ட் 1973-ல் குழுவின் பெயரே போடாமல் முப்பட்டகக் கண்ணாடியை மட்டும் அட்டையில் விட்டது. உள்ளே இரண்டு போஸ்டர், ஸ்டிக்கர்கள். ரெக்கார்டிங் சென்டரில் அது தலைகீழாகிவிட்டது. பெயர் மட்டும் வந்தது, கண்ணாடி வரவில்லை.

இதை வெறும் ஏக்கமாக நான் சொல்லவில்லை. உறை என்பது பெயர்கள் தங்குகிற இடம். வாசித்தவர், எழுதியவர், பதிவுசெய்தவர், படம் வரைந்தவர் எல்லாரையும் பின்னட்டை தாங்கிப் பிடித்தது. பிளேக்குக்கு 'பெப்பர்' அட்டைக்காகக் கிடைத்தது 200 பவுண்டுதான்; காசு போனாலும் பெயர் நின்றது. காலண்டர் ஓவியர்களில் ஓரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்கள் கரைந்தார்கள். இன்று செல்போன் திரையில் அட்டை நகத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. பின்னட்டை என்று ஒன்று கிடையாது. தமிழ்ப் பாட்டில் வயலின் வாசித்தவர் யார், கேசட் அட்டைக்குப் படம் எழுதியவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல எந்தக் காகிதமும் இல்லாமல் போகும்.

வீட்டுப் பரணில் பழைய ஈ.பி., கேசட் அட்டை ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள். அங்கே இருக்கும் ஒரு பெயர் வேறு எங்கும் இல்லாமலிருக்கலாம்.